பாமினி எண்ட ஒரு வரி

யாழ்ப்பாணத்தில் ஆவண இழப்பு எண்டாலே 1981 இல் எரிந்த நூலகம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நாங்கள் இங்கே சொல்லப்போவது எரியாமல், கண்ணுக்கு முன்னாலேயே இருந்தும் வாசிக்க ஏலாமல் போன தமிழைப் பற்றி.

ஒரு வாசிகசாலையின் பழைய கொம்பியூட்டரில் இருந்து சில கோப்புகள் எங்கட கைக்கு வந்தன. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு, யாரோ ஒரு பொடியன் விசுவல் பேசிக் 6 இல் எழுதிக் குடுத்த, புத்தகம் இரவல் குடுக்கிற புரோகிராம். ஓடுற கோப்பு வரவில்லை. அவர் எழுதிய மூலக்கோப்பும் தரவுத்தளமும்தான் மிச்சம். நோட்பாட்டில் திறந்து பார்த்தால், 'பெயர்' எண்டு இருக்கவேண்டிய இடத்தில் என், ஜி, ஏ, யூ எண்டு நாலு ஆங்கிலச் சின்ன எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும்.

அலன் கூப்பர் 1988 இல் மைக்ரோசொஃப்டுக்கு வித்த ஒரு கருவியில் இருந்து வளர்ந்து, 1991 இல் வெளிவந்தது விசுவல் பேசிக். லேபலையும் பட்டனையும் திரையில் இழுத்து வைத்து, பக்கத்துப் பெட்டியில் அளவு, நிறம், எழுத்துரு குடுத்தால் சரி. குடுத்ததெல்லாம் 'எஃப்ஆர்எம்' எண்டு முடியும் கோப்பில் வரிவரியாகப் பதியும். திரும்பத் திறக்கையில் அந்த வரிகளைப் படித்துத்தான் லேபல் பழையபடி வந்து நிற்கும். நாங்கள் கைவைக்காத குணங்களை அது எழுதாது. ஆங்கில லேபலுக்கு எழுத்துரு வரியே தேவைப்படாது. தமிழ் லேபலுக்கோ ஏழு வரி: பெயர், அளவு, தடிப்பு, சரிவு எண்டு போகும். அதில் 'பாமினி' எண்ட ஒரு வரியில்தான் தமிழ் இருக்கு. மிச்சமெல்லாம் ஆங்கில எழுத்து.

அப்ப யூனிகோட் இருக்கேல்லையோ எண்டு கேப்பீங்கள். இருந்தது. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடயே வந்தது. ஆனால் 1998 இல் வந்த விசுவல் பேசிக் 6 இன்ர லேபல் பழைய ஒரு பைட் எழுத்துகளைத்தான் காட்டும். அந்த முறையில் தமிழுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. யூனிகோட் தமிழை ஒட்டினால் கேள்விக்குறிதான் வரும். பாமினியில் எழுதினவையை இப்ப நக்கலடிக்கிறவை இதைக் கொஞ்சம் யோசிக்கவேணும்.

லேபலை மாத்துறது பெரிய வேலை இல்லை. பாமினியில் ஒற்றைக்கொம்பு முதல், 'ப' பிறகு, யூனிகோடில் மறுபக்கம். அந்த ஒழுங்கைத் திருப்பினால் போதும். தரவுத்தளம்தான் பாடாய்ப் படுத்தியது. அதற்குள் எழுத்து மட்டும்தான் இருக்கு, எழுத்துருப் பெயர் இல்லை. எல்லாத்தையும் பாமினி எண்டு நினைத்து மாத்தினால் உண்மையான ஆங்கில நூற்பெயர்களும் விளங்காத தமிழாகிவிடும். கடைசியில் வழி காட்டினது அந்த எஃப்ஆர்எம் கோப்புத்தான். எந்தப் பெட்டி தரவுத்தளத்தின் எந்தப் புலத்தோட கட்டப்பட்டது, அதன் எழுத்துரு என்ன எண்டு இரண்டையும் அதே கோப்பு எழுதி வைத்திருந்தது. பாமினிப் பெட்டியில் கட்டின புலங்களை மட்டும் மாத்தினோம். நூலாசிரியர் பெயர்கள் திரும்பி வந்தன.

வகைப் பட்டியல் மட்டும் வரவில்லை. படங்களையும் இப்படியான பட்டியல்களையும் விசுவல் பேசிக் எஃப்ஆர்எம்முக்குள் வைக்காது; 'எஃப்ஆர்எக்ஸ்' எண்ட பக்கத்துக் கோப்பில் போட்டுவிட்டு, இத்தனையாவது இடத்தில் பார் எண்டு ஒரு இலக்கத்தை மட்டும் எழுதும். கொப்பி எடுத்தவர் அந்தக் கோப்பை விட்டுவிட்டார். தரவுத்தளத்திலும் வகையின் பெயர் இல்லை, பட்டியலில் எத்தனையாவது எண்ட எண்தான் இருக்கு.

அந்த மேசையில் முந்தி இருந்த ஐயாவிடம் கேட்டோம். 4 எண்டால் சமயம், 6 நாடகம் எண்டார். 5 ஐ யோசிச்சுச் சொல்லுறன் எண்டிருக்கிறார்.