நில மதிப்பீடும் தோட்டக் குடிகளும்: கோலா சாவா வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

ஓர் ஊரின் பெயரே சில வேளைகளில் அந்நிலத்தைப் பற்றிய முதல் மதிப்பீடாக அமைந்துவிடுகிறது. நெகிரி செம்பிலானில் ரந்தாவுக்கு அருகிலுள்ள கோலா சாவா இதற்குத் தக்க சான்றாகும். மலாய் மொழியில் ‘கோலா’ என்பது ஆறுகள் கூடுமிடத்தையும் ‘சாவா’ என்பது நெல்வயலையும் குறிக்கும். லிங்கி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த இவ்வட்டாரத்தைத் தமிழர் அறிந்ததோ ரப்பர்த் தோட்டங்களின் வழியாகவே ஆகும்.

நெல்லுக்கும் ரப்பருக்கும் இடையிலான போட்டியை ஆட்சியாளரும் உணர்ந்திருந்தனர். நெல்நிலங்களில் பிற பயிர்கள் பரவுவதைத் தடுக்க, நெகிரி செம்பிலான் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில் 1917இல் நெல்நிலச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின், முதலாம் மலேசியத் திட்டக் காலத்தில் (1966–1970) தீபகற்பத்தின் நிலங்கள் ஐந்து தரங்களாக வகுக்கப்பட்டன. கனிமவளம் மிக்கவை, பலவகைப் பயிருக்கு ஏற்றவை, சிலவகைப் பயிருக்கே ஏற்றவை, காட்டுவளத்திற்குரியவை, பாதுகாக்கப்பட வேண்டியவை என்பன அவை.

நிலத்தை ஐந்தாக வகுக்கும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. எனினும், தொல்காப்பியத் திணைக் கோட்பாடு முதல், கரு ஆகியவற்றோடு நில்லாது, மாந்தர் ஒழுக்கமாகிய உரிப்பொருளையும் இணைத்தே நிலத்தைக் காண்கிறது. தற்கால வகைப்பாட்டில் மண்ணும் சரிவும் கனிமமும் இடம்பெற்றன. அம்மண்ணில் தலைமுறைகளாக உழைத்தோர்க்கு இடமில்லை.

இக்குறை வெறும் கோட்பாட்டுச் சிக்கலன்று. 1950களில் தோட்டத் துண்டாடல் பெருகியபோது மண்ணின் தரம் மாறவில்லை; உரிமையே கைமாறியது. தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அதற்கு மறுமொழியாகவே 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

1987ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையில் குடும்பங்கள் கணக்கில் வந்தன. ஆயினும், 100 அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்களை மறுகுடியமர்த்த நேரும் வேளாண் திட்டங்களுக்கே அவ்விதி பொருந்தியது. வீடமைப்புத் திட்டமாயின் 50 ஹெக்டர் பரப்பே அளவுகோலாயிற்று. அவ்வாணை 2015இல் புதிய ஆணையால் மாற்றப்பட்டது. முப்பது குடும்பங்கள் வாழ்ந்த ஒரு லயம் அந்த எண்ணிக்கை வரம்பை எட்டியிராது.

எனவே, நிலவள ஆய்வு முழுமை பெற வேண்டுமாயின், ஆறு, மண், காடு ஆகியவற்றோடு தோட்டத்துக் கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு, குடியிருப்பு ஆகியனவும் வரைபடத்தில் குறிக்கப்படல் வேண்டும். தோட்டங்களில் வாழ்ந்த மூத்தோரின் நினைவு எஞ்சியிருக்கும்போதே இப்பணியை மேற்கொள்வது நம் ஆய்வாளர் கடமையாகும்.