விக்கித்திட்டம்

விக்கித்திட்டம் என்பது, யாரும் படிக்கவும் திருத்தவும் மறுபயன்பாடு செய்யவும் உரிமம் தரும் விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில், ஒரு நாட்டையோ வட்டாரத்தையோ துறையையோ பற்றிய கட்டுரைகளைச் சீர்ப்படுத்துவதற்காகத் தன்னார்வத் தொகுப்பாளர்கள் கூடி வகுத்துக்கொள்ளும் வேலைத்திட்டமாகும். இதற்கு அலுவலகமும் ஊதியமும் இல்லை. எழுதப்பட வேண்டிய தலைப்புகள், ஏற்கெனவே உள்ள கட்டுரைகளின் தரம், நம்பத்தக்க நூல்கள் ஆகியவை ஒரு திட்டப்பக்கத்தில் பதியப்படுகின்றன. திட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலும், அதாவது அக்கட்டுரை குறித்து வாதிடுவதற்கென ஒதுக்கப்பட்ட பக்கத்திலும், திட்டத்தின் அடையாள வார்ப்புரு, அதாவது பல பக்கங்களில் ஒரே வடிவில் இடக்கூடிய அச்சு, இடப்படுகிறது. ஒன்றிரண்டு வரிகளோடு நின்றுவிட்ட குறுங்கட்டுரை எது, மேற்கோள் இல்லாதது எது, முழுமையை நெருங்கியது எது என்பது இதனால் தெரியவருகிறது.

தமிழில் கலைக்களஞ்சியப் பணி தனிமனித உழைப்பாகவே தொடங்கியது. 1902இல் யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசமும், 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியும் வெளிவந்தன. தி. சு. அவினாசிலிங்கம் 1946இல் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் வெளியிட்ட கலைக்களஞ்சியமே, துறையறிஞர் பலர் கூடி எழுதிய முதற்பெரும் முயற்சியாகும். ஆனால் அச்சேறிய கட்டுரையை மறுபதிப்பு வரும்வரை மாற்ற இயலாது. அப்பத்துத் தொகுதிகளின் அருமையைக் குறைக்காமலே இதைச் சொல்ல வேண்டும். 2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கப்பட்டபோது இத்தடை நீங்கியது. இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், அவ்வாண்டின் இறுதியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்தபடி அதைக் கட்டியெழுப்பும் பணியில் இறங்கினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. 2017 மே மாதத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதைத் தமிழ்த் தொகுப்பாளர்கள் முன்பே பட்டறிந்திருந்தனர். 2009இல் கூகுள் நிறுவனம், ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு, தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையுடன் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் ஏற்றத் தொடங்கியது. அவை நீளமானவை, ஆயினும் தமிழ் வாசகருக்குத் தொடர்பில்லாத தலைப்புகள் மிகுந்து, இயல்பற்ற தொடர்கள் மலிந்து, பேச்சுப் பக்கத்தில் எழுப்பப்பட்ட வினாக்களுக்கு விடை சொல்ல ஆளில்லாமல் கிடந்தன. 2010இல் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா என்னும் உலக விக்கி மாநாட்டில் தமிழ் விக்கிச் சமூகம் இக்குறைகளைத் தொகுத்து முன்வைத்தது. கட்டுரையை எழுதியவர் அதற்குப் பொறுப்பேற்று நிற்க வேண்டும் என்ற நெறி தமிழில் வேரூன்றியதற்கு இந்நிகழ்ச்சி ஒரு காரணம் எனலாம். பின்னர் வேங்கைத் திட்டம் என்னும் இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கிடையிலான கட்டுரைப் போட்டியில் தமிழ் 2018இல் பஞ்சாபிக்கு அடுத்த இடத்தையும், 2019–20இல் முதலிடத்தையும் பெற்றது. அப்போட்டியின் கட்டுரைகளை எழுதியவர்கள் சமூகத்தின் தன்னார்வலர்கள் ஆவர்.

தன்னார்வலர்கள் எழுதினாலே நடுநிலை வந்துவிடும் என்பதும் இல்லை. இதற்குக் குரோவாசியா சான்று. சுமார் 39 லட்சம் மக்களே வாழும் அந்நாட்டின் மொழியில் 2003 பிப்ரவரியில் தொடங்கிய விக்கிப்பீடியா இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டதாக வளர்ந்தது. ஆனால் ஏறத்தாழ பத்தாண்டுகள், ஒரே கருத்துடைய சில நிர்வாகிகள், அதாவது பக்கங்களைப் பூட்டவும் பயனர்களைத் தடைசெய்யவும் அதிகாரம் பெற்ற தொகுப்பாளர்கள், மாற்றுக் கருத்தினரை வெளியேற்றித் தேசியவாத வரலாற்றைப் புகுத்தினர். இரண்டாம் உலகப் போரின்போது குரோவாசியாவின் பாசிச உசுத்தாசே ஆட்சியினர் செர்பியர், யூதர், ரோமா மக்களைக் கொன்றுகுவித்த யசெனோவாக் முகாமின் கொடுமை அங்கே மழுப்பப்பட்டது. 2013இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே மாணவர்கள் அந்த விக்கிப்பீடியாவைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தும் நிலை வந்தது. முதன்மை நிர்வாகியாயிருந்தவர் 2020இல் எல்லா விக்கித் தளங்களிலிருந்தும் விலக்கப்பட்டார். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை இதைப் பற்றி வெளியாரைக் கொண்டு ஆய்வு செய்து 2021இல் அறிக்கை வெளியிட்டது. அதே பொருள்களை ஆங்கில விக்கிப்பீடியாவில் கவனிக்கும் குரோவாசிய விக்கித்திட்டமோ, பல நாட்டுத் தொகுப்பாளர்கள் எதிரெதிரே நின்று ஒவ்வொரு வரிக்கும் சான்று கேட்கும் களத்தில் இயங்குகிறது. உண்மையைக் காப்பது இந்த எதிர்வாதமே. ஒத்த கருத்தினர் மட்டும் கூடும் இடத்தில் அது நிகழ்வதில்லை.

தமிழின் சிக்கல் வேறு வகையானது. இங்கே பல தலைப்புகளுக்கு எதிர்வாதம் செய்ய இன்னொருவர் இல்லை, சில வேளைகளில் எழுத ஒருவருமே இல்லை. எல்லைப்புற ஊர்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத் தென்மேற்கு மூலையில், தமிழ்நாடும் கர்நாடகமும் அருகில் அமைய, தெலுங்கும் தமிழும் கன்னடமும் புழங்கும் வட்டாரத்தில் உள்ள குடுபல்லியை எடுத்துக்கொண்டால், ஒரு மண்டலத்தைப் பற்றிய கட்டுரையைச் செம்மையாக எழுத எவ்வளவு பார்க்க வேண்டியிருக்கிறது என்பது விளங்கும். ஆந்திரத்தில் மண்டலம் என்பது, பழைய வட்டங்களுக்கு மாற்றாக 1985இல் அமைக்கப்பட்ட, அவற்றினும் சிறிய நிர்வாகப் பிரிவாகும். இம்மண்டலம் குப்பம், சாந்திபுரம், ராமகுப்பம் மண்டலங்களுடன் சேர்ந்து குப்பம் சட்டமன்றத் தொகுதியில் அடங்குகிறது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் குப்பத்தை அடுத்துக் குடுபல்லி நிலையம் இருக்கிறது. மண்டலத்தின் பிசாநத்தம், சிகரகுண்டா தங்கச் சுரங்கங்கள், கோலார் தங்க வயலை நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின்கீழ் இருந்தவை. அந்நிறுவனம் 2001இல் மூடப்பட்டது. வெறும் மக்கள்தொகை எண்களோடு முடிந்துபோகும் குறுங்கட்டுரையில் இவற்றில் ஒன்றும் இடம்பெறாது.

முதல் இடர் பெயரில் உள்ளது. குடுபல்லி, குடுப்பள்ளி, குடுபல்லே என்று பலவாறு எழுதப்படுவதால், ஒரு வடிவத்தைத் தலைப்பாக வைத்து மற்றவற்றை வழிமாற்றுகளாக, அதாவது தேடுபவரைச் சரியான பக்கத்துக்கு இட்டுச்செல்லும் இணைப்புகளாக, அமைக்க வேண்டும். அதே மாவட்டத்தின் கிழக்கே, வேலூர் மாவட்டத்தை ஒட்டிக் குடிபாலா என்னும் வேறொரு மண்டலம் இருப்பதால், ஒன்றின் மக்கள்தொகைக் கணக்கு மற்றதில் புகுந்துவிடாமல் 2011 கணக்கெடுப்பின் இடக்குறியீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது இடர் நிர்வாக மாற்றம். 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்தபோது, 66 மண்டலங்கள் கொண்டிருந்த பழைய சித்தூர் மாவட்டத்தின் பகுதிகள் புதிய திருப்பதி மாவட்டத்துக்கும் அன்னமய்யா மாவட்டத்துக்கும் சென்றன. குப்பம் புதிய வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடமாயிற்று. குடுபல்லி சித்தூரிலேயே நீடித்தது; ஆயினும் சித்தூர் மாவட்டத்தின் 66 மண்டலங்களில் ஒன்று என்று எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் அந்நாளோடு பிழையாயிற்று. இப்படி ஒரே ஆணையால் அறுபதுக்கு மேற்பட்ட கட்டுரைகளின் முதல் வரியும், அடிப்படைத் தரவுகளைப் பட்டியலிடும் தகவற்பெட்டியும், கட்டுரைகளை இனம்பிரிக்கும் பகுப்பும் மாற வேண்டியிருக்கும்போது, தனியொருவர் சலித்துப்போவார். விக்கித்திட்டம் உண்மையில் பயன்படுவது இத்தகைய இடத்தில்தான்: மண்டலங்களைப் பங்கிட்டு, முடித்தவற்றைத் திட்டப்பக்கத்தில் குறித்து, ஒருவர் மாற்றியதை மற்றவர் சரிபார்க்கலாம்.

மூன்றாவது, சான்று. விக்கிப்பீடியா சொந்த ஆய்வை ஏற்பதில்லை. ஊர்ப் பெரியவர் சொல்லும் கோயில் வரலாறு எவ்வளவு அரியதாயினும், வெளியான ஆதாரம் இன்றி அது கட்டுரையில் நிலைக்காது. குப்பத்தைச் சூழ்ந்த கங்குந்தி ஜமீன் முன்பு வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் மாவட்டம் 1911இல்தான் உருவாயிற்று. ஆகவே ஆர்தர் காக்ஸ் தொகுத்து 1881இல் வெளிவந்து, பின்னர் ஸ்டூவர்ட் திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேடு பழைய செய்திகளுக்கு உதவும். காப்புரிமை முடிந்துபோன அந்நூலைத் தயக்கமின்றி எடுத்தாளலாம். ஆனால் வரி வாங்கும் அரசு தன் தேவைக்கு எழுதுவித்த நூல் என்பதை மறக்கலாகாது. இக்காலச் செய்திகள் பெரும்பாலும் தெலுங்கு நாளிதழ்களில் உள்ளன. தெலுங்கு படிக்கத் தெரியாத தொகுப்பாளர் ஆங்கிலப் பக்கத்தையே பெயர்த்து வைக்க, அங்குள்ள பிழை தமிழுக்கும் வந்து சேர்கிறது. ஆந்திர அரசு அண்டை மாநிலங்களின் ஒத்துழைப்புடன் 1997இல் குப்பத்தில் நிறுவிய திராவிடப் பல்கலைக்கழகம் குடுபல்லிக்கு மிக அருகில் உள்ளது; தெலுங்கும் தமிழும் ஒருங்கே கற்கும் மாணவர்கள் உள்ள அத்தகைய இடத்திலிருந்து சிலர் இப்பணிக்கு வந்தாலும், மாவட்டம் முழுவதற்கும் சான்று தேடித் தர முடியும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் இத்தகைய விக்கித்திட்டம் ஒன்றைத் தொடங்குவதற்கான கோரிக்கைகள் ஆலமரத்தடி என்னும் பொதுக் கலந்துரையாடல் பக்கத்தில் வைக்கப்படுகின்றன. ஒப்புதல் பெற்றபின் திட்டப்பக்கம் உருவாகிறது. மாவட்ட எல்லை, குறியீடு, மக்கள்தொகை போன்ற அடிப்படைத் தரவுகளை எல்லா மொழிகளுக்கும் பொதுவான விக்கித்தரவுத் தளத்தில் ஏற்றிவிட்டால், அங்கே ஒருமுறை திருத்துவது, அத்தரவை எடுத்துக் காட்டுமாறு அமைத்த தகவற்பெட்டிகள் அனைத்திலும், தமிழாயினும் தெலுங்காயினும், தானே பதிகிறது.