எத்தனை லிட்டர் அண்டா?



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து மெசேஜ் அனுப்பியிருந்தான். "டீச்சர், திட்டாதீங்க. வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பார்க்கலாம்னு இருக்கேன். அஞ்சு கேலன் கெட்டில் வாங்கவா, பத்து கேலன் வாங்கவா? நீங்க எதுக்கும் ஒரு வரலாறு வச்சிருப்பீங்களே!" பெயர் சொல்ல மாட்டேன். அவன் அம்மாவும் இந்தப் பதிவுகளைப் படிக்கிறார்.

நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்தவள் இல்லை. கெட்டில் என்றதும் டீ கெட்டில் என்றுதான் நினைத்தேன். படம் அனுப்பினான். நம் கல்யாண வீட்டு எவர்சில்வர் அண்டா! அண்டா என்றால் எனக்கும் பேச உரிமை உண்டு. பெரியவர்கள் முகம் சுளிக்காமல் கடைசிவரை படியுங்கள்.

இடைக்கால இங்கிலாந்தில் ஊரே குடித்தது 'ஏல்' என்னும் பானம். முளைகட்டிய பார்லியில் செய்வது. அதைக் காய்ச்சியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 'ப்ரூஸ்டர்' என்று இன்றும் குடும்பப் பெயர் உண்டே, அந்தச் சொல்லுக்கே ஆதியில் காய்ச்சுகிற பெண் என்றுதான் பொருள். வீட்டில் இருக்கிற பானை, வீட்டில் இருக்கிற அடுப்பு. ஏல் சில நாளில் புளித்துக் கெட்டுவிடும். அதனால் யாரும் அதிகம் காய்ச்ச முடியாது. இந்த வாரம் ஒருத்தி காய்ச்சி, வீட்டுக்குப் போக மிச்சத்தை அக்கம்பக்கத்தில் விற்பாள். அடுத்த வாரம் இன்னொருத்தி. விற்பனைக்கு இருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு கழியை நட்டு வைப்பார்கள். ருசி பார்த்து விலையையும் அளவையும் சோதிக்க ஊருக்கு ஊர் ஆள் இருந்தார். விதவைகளுக்கும் கல்யாணமாகாத பெண்களுக்கும் கையில் காசு பார்க்க இது ஒரு வழி.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் தாண்டி, இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கத்திலிருந்து ஹாப்ஸ் என்ற பூ சேர்த்த பீர் வந்தது. கசப்பு. முதலில் ஆங்கிலேயருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஹாப்ஸ் போட்டால் சீக்கிரம் கெடாது. கெடாது என்றால் நிறையக் காய்ச்சலாம், கப்பலில் ஏற்றலாம், படைக்கு அனுப்பலாம். அதே சமயம் ஹாப்ஸோடு நெடுநேரம் கொதிக்க வேண்டும். அதற்கு நிறைய விறகு, பெரிய செப்புப் பாத்திரம், இரண்டுக்கும் முதல். அந்தக் காலத்துச் சட்டப்படி மணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது. அப்புறம் கடன் யார் கொடுப்பார்? பானை பெரிதாகப் பெரிதாக அடுப்படியிலிருந்து அவள் விலகிப்போனாள். 1600 வாக்கில் லண்டனில் இது பெரும்பாலும் ஆண்களின் தொழில். ஜூடித் பென்னட் என்ற வரலாற்றாசிரியர் இதைப் பற்றி 1996இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். (அந்தப் பெண்களைத்தான் சூனியக்காரிகள் என்று எரித்தார்கள் என வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. நல்ல கதை, ஆதாரம் இல்லை. ஃபார்வர்டு செய்யாதீர்கள்.)

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தொழிற்புரட்சிப் பாடத்தை வருஷா வருஷம் நடத்தினேன். நீராவி இயந்திரம், நூற்பு எந்திரம் எல்லாம் போர்டில் படம் போட்டேன். ஒரு பெண் எழுந்து, "ஃபேக்டரிக்கு முன்னாடி பொம்பளைங்க சும்மாவா இருந்தாங்க டீச்சர்?" என்று கேட்டாள். "நூல் நூற்றார்கள், உட்கார்" என்றேன். பாதி பதில். அவளும் இதைப் படிக்கிறாள் என்று நம்புகிறேன்.

பாத்திரம் எதுவரை பெரிதானது தெரியுமா? 1814 அக்டோபர் 17. லண்டன் டாட்டனம் கோர்ட் சாலைப் பக்கம் ஒரு பீர் ஆலை. காய்ச்சும் அண்டா இல்லை, காய்ச்சியதை மாதக்கணக்கில் ஊறவைக்கும் மரத்தொட்டி. 22 அடி உயரம். அதனுள் ஐந்து லட்சம் லிட்டருக்கு மேல் பீர். மாலையில் அதைச் சுற்றியிருந்த இரும்பு வளையம் ஒன்று கழன்றது. வருஷத்தில் இரண்டு மூன்று தடவை கழல்வதுதானே, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் தொட்டி வெடித்தது. பின்சுவர் இடிந்து, பக்கத்து ஏழைக் குடியிருப்பில் வெள்ளம் புகுந்தது. எட்டுப் பேர் பலி, பெண்களும் குழந்தைகளும். ஒரு வீட்டு நிலவறையில் இரண்டு வயதுப் பையனின் சாவுக்குக் கூடியிருந்தவர்களும் அதில் போனார்கள். விபத்து என்று தீர்ப்பு. செத்தவர்கள் குடும்பத்துக்கு ஆலை நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்றாயிற்று. ஆலைக்கோ, கட்டியிருந்த வரி திரும்பக் கிடைத்தது.

பிறகு அரசாங்கம் சின்னப் பானையையும் விடவில்லை. பிரிட்டனில் 1880 முதல் வீட்டில் காய்ச்ச லைசென்ஸ். 1963இல்தான் எடுத்தார்கள். அமெரிக்காவில் 1920இல் மதுவிலக்கு, 1933இல் நீங்கியது. ஆனால் வீட்டு பீருக்கு அனுமதி வரவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகே வழி பிறந்தது. பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டில் வருஷத்துக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ என்றால் 200. மாநிலச் சட்டம் தனி. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் இறங்கிவந்தன.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன், தம்பி. அங்கே வழக்கமான ஈடு 5 கேலன், அதாவது 19 லிட்டர். கடைசியில் கையில் 5 நிற்க வேண்டும். ஒரு மணி நேரக் கொதியில் ஒரு கேலன் அளவுக்கு ஆவியாகும், அடியில் கசடும் தங்கும். ஆக, ஆறரை ஏழு கேலனில் தொடங்க வேண்டும். கொதி வரும்போது புரதம் திரண்டு நுரை குபீரென்று எழும். பால் பொங்குவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு நான் சொல்லணுமா? எட்டு கேலன் அண்டா மட்டுமட்டு, பத்துதான் நிம்மதி. மால்ட் சாறு பாகு வாங்கி, பாதித் தண்ணீரில் கொதிக்கவைத்து மீதியைப் பிறகு ஊற்றுகிற முறை என்றால் 5 கேலன் பாத்திரமே போதும். முதல் தடவைக்கு அது லேசு.

வாங்குமுன் உன் அடுப்பைப் பார். ஏழு கேலன் என்றால் 26 கிலோவுக்கு மேல், அதுவும் கொதிக்கக் கொதிக்க. வீட்டு அடுப்பு அதைக் கொதிக்கவைக்கத் திணறும். அடியில் குழாய் வைத்ததாகப் பார்த்து வாங்கு, தூக்கிச் சாய்க்காதே. பக்கத்தில் சின்னக் குழந்தை நிற்கக் கூடாது.

அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. என்னிடம் கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது.