ஏழு தலைமுறைக்குப் பின் வந்த விருந்தினர்

சமயத் தொண்டர் ஒருவர் அயல்நாட்டு நகரில் தம் சபையினரை நாடிச் சென்று காண்பது உலக வழக்கில் புதுமையன்று. அவர் போதிப்பார், அவர்கள் கேட்பார்கள். அவர் வினவுவார், அவர்கள் விடையிறுப்பார்கள். இம்முறை தலைகீழாக மாறி, சபையினரே குருவைச் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று ஜப்பானிய நகரமான நாகசாகியில் 1865-ஆம் ஆண்டு நடந்தது. அந்தச் சந்திப்பையும், அதற்கு அவர்கள் கொடுக்க நேர்ந்த விலையையும் இங்கே காண்போம்.

கத்தோலிக்க சமயத்தை ஜப்பானுக்கு முதலில் கொண்டு சென்றவர் பிரான்சிஸ் சவேரியார். நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தமிழில் செபங்களை மனப்பாடம் செய்வித்துப் பணியாற்றிய அதே சவேரியார்தாம் 1549-இல் ககோஷிமாவில் கரையிறங்கினார். அவருக்குப் பின் வந்தவர்களின் உழைப்பால் சபை வளர்ந்தது. நாகசாகி அதன் தலைமையிடம் போலாயிற்று. ஆனால், அயல்நாட்டுச் சமயத்தின் பின்னே அயல்நாட்டுப் படையும் வரக்கூடும் என்ற ஐயம் ஆட்சியாளருக்கு எழுந்தது. 1597-இல் இருபத்தாறு பேர் நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்டனர். 1614-இல் நாடு முழுவதும் தடை வந்தது. 1644-ஆம் ஆண்டளவில் கடைசிக் குருவும் கொல்லப்பட்டார்.

அதன் பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஜப்பானில் குரு இல்லை, கோவில் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்தக் கோவிலில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். நாகசாகிப் பகுதியில் மக்கள் ஆண்டுதோறும் ஏசுவின் அல்லது மரியாளின் உருவம் பொறித்த தகட்டைக் காலால் மிதித்துத் தாம் கிறிஸ்தவர் அல்லர் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மறைவாக வாழ்ந்த விசுவாசிகள் மிதித்தார்கள்; வீடு திரும்பி உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லி அழுதார்கள்.

குருவே இல்லாத சபையை அவர்கள் எவ்வாறு காத்தனர்? நகரின் வடபால் இருந்த ஊராகாமி என்ற வேளாண் கிராமத்தில் பணிகள் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தன. திருநாள்களைக் கணித்து வைக்க ஒருவர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர். வீடு வீடாகச் சென்று செய்தி சொல்ல ஒருவர். இலத்தீன், போர்த்துகேசியச் சொற்கள் உருமாறிக் கலந்த செபங்களைத் தந்தை மகனுக்கு வாய்மொழியாகவே கற்பித்தார். கையில் குழந்தையேந்திய பௌத்த தேவி கன்னோனின் உருவமே அவர்களுக்கு மரியாளாக விளங்கியது. ஏழு தலைமுறை கழிந்தபின் குருமார் மீண்டும் வருவர் என்று பஸ்தியான் என்ற உபதேசியார் சொல்லிச் சென்றதாகவும் ஒரு மரபு நிலவியது.

1858-இன் உடன்படிக்கைகளால் துறைமுகங்கள் திறந்தன. அயல்நாட்டார் தமக்கென்று கோவில் கட்டிக்கொள்ளலாம். ஜப்பானியரோ அச்சமயத்தைத் தழுவலாகாது. இந்நிலையில் நாகசாகியின் ஓவுரா மேட்டில் எழுந்த மாதாகோவில் 1865 பெப்ரவரியில் அர்ச்சிக்கப்பட்டது. ‘பிரெஞ்சுக் கோவில்’ என்று ஊரார் அதனை வேடிக்கை பார்த்தனர். அங்கே இருந்தவர் பெர்னார் பெத்திஜான் என்ற பிரெஞ்சுப் பாதிரியார்.

அவ்வாண்டு மார்ச் 17-ஆம் நாள் நண்பகல் வேளையில், ஊராகாமியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் கோவில் வாயிலில் வந்து நின்றனர். பெத்திஜான் உள்ளே சென்று முழந்தாளிட்டார். அப்போது ஒரு பெண்மணி அருகே வந்து, தங்கள் நெஞ்சும் அவர் நெஞ்சும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் தெரிவித்து, மரியாளின் சுரூபம் எங்கே என்று வினவினார். சுரூபத்தைக் கண்டதும் வந்தவர்கள் மகிழ்ந்தனர். தாங்கள் துக்க காலத்தின் பதினேழாம் நாளில் இருப்பதாகவும் கூறினர். அந்நாள் உண்மையிலேயே அவ்வாண்டுத் தவக்காலத்தின் பதினேழாம் நாளே! இரு நூற்றாண்டுக் காலம் வெளியுலகத் தொடர்பின்றி வாழ்ந்த உழவர்கள் நாட்கணக்கைத் தவறவிடவில்லை. தாயகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு, பஞ்சாங்கம் பார்த்து நாளை நினைவில் வைத்துக்கொள்வதன் அருமை விளங்காமற் போகாது.

அடுத்தடுத்த வாரங்களில் வேறு ஊர்களிலிருந்தும் தீவுகளிலிருந்தும் ஆட்கள் வந்தனர். ஞானஸ்நானம் கொடுக்கும் பெரியவர் ஒருவர் பாதிரியாரைக் கேள்வி கேட்டார்: உரோமையில் உள்ள பெருந்தலைவரை ஏற்பவரா? மனைவி மக்கள் உண்டா? குருமார் துறவிகள் என்று அறிந்தபின்னரே அவருடைய ஐயம் தீர்ந்தது. மரியாள், பாப்பரசர், துறவு என்னும் இம்மூன்றுமே முன்னோர் விட்டுச்சென்ற உரைகற்களாக இருந்தன.

இதன் பின் பாதிரிமார் ஊராகாமிக்குச் செல்லலாயினர். பகலில் செல்ல இயலாது; காவலர் கண்காணித்து வந்தனர். ஆகவே, ஜப்பானிய உடையணிந்து இருளில் நடந்து, மறைவான வீடுகளில் அமைந்த சிற்றாலயங்களில் பூசை செய்து, பொழுது புலருமுன் திரும்பினர். அவ்வீட்டார் அடைந்த பேருவகையைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும், அந்த உவகையே இன்னலுக்கும் வித்தாயிற்று. குருவைக் கண்டவர்களுக்கு இனியும் ஒளிந்து வாழ மனமில்லை. 1867-இல் இறந்தவர்களுக்குப் பௌத்த முறையில் ஈமச்சடங்கு செய்ய ஊராகாமியார் மறுத்தனர். ஜூலை மாதத்து இரவொன்றில் காவலர் கிராமத்துள் புகுந்து அறுபதுக்கு மேற்பட்டோரைச் சிறைப்பிடித்தனர். மறு ஆண்டு அமைந்த மெய்ஜி அரசும் தடையை நீக்கவில்லை. சுமார் 3,400 பேரை நாட்டின் பல பகுதிகளுக்கு நாடு கடத்தியது. பசி, குளிர், சித்திரவதை ஆகியவற்றால் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பாதிரிமாரை உடன்படிக்கை காத்தது. அவர்களை வரவேற்ற உழவர்களைக் காப்பார் எவருமில்லை. விருந்தினருக்கு நேராத துன்பம் விருந்தளித்தவருக்கு நேர்ந்தது என்பதை வரலாறு மறைக்கலாகாது.

அயல்நாடுகளின் கண்டனம் வலுக்கவே, 1873-இல் தடை அறிவிப்புப் பலகைகள் அகற்றப்பட்டன. எஞ்சியோர் ஊர் திரும்பினர். எந்த ஊர்த்தலைவரின் இல்லத்தில் உருவத் தகட்டை மிதிக்க நிர்ப்பந்திக்கப்பட்டார்களோ, அந்நிலத்தையே பின்னர் விலைக்கு வாங்கி, அங்கே வழிபாட்டிடம் அமைத்தனர். அவ்விடத்தில் எழுந்த பெருங்கோவில் 1945 ஆகஸ்ட் 9-ஆம் நாள் அணுகுண்டால் இடிந்தது. 1959-இல் மீண்டும் கட்டப்பட்டது. பெத்திஜான் 1884-இல் நாகசாகியில் காலமாகி, ஓவுராக் கோவிலிலேயே அடக்கமானார்.

மறைந்து வாழ்ந்தோர் அனைவரும் உரோமைச் சபையில் சேர்ந்துவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. இகித்சுகித் தீவு முதலிய இடங்களில் பலர், முன்னோர் துன்பத்திடையே காத்துத் தந்த முறையே தங்களுக்குப் போதும் என்று விலகி நின்றனர். வந்த விருந்தினரை ஏற்றவர்களும் உண்டு. வணங்கி வழியனுப்பியவர்களும் உண்டு. இரு சாராரும் ஒரே முன்னோரின் சொல்லைக் காத்தவர்களே ஆவர்.