வெறுமையைப் படமெடுத்தல்: ஒரு புகைப்பட வரலாறு

கேமராவுக்கு முன்னால் எப்போதும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஓவியர் துணியைத் தொடாமல் விட்டுவிடலாம், இசைக்கலைஞர் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கலாம். புகைப்படக்காரருக்கு அந்த வசதி இல்லை. ஷட்டரைத் திறந்தவுடன் சுவரோ வானமோ தரையோ படத்துக்குள் வந்துவிடும். அப்படியிருந்தும், 'ஒன்றுமில்லை' என்பதை அன்றாடக் காட்சிகளைக் கொண்டே காட்ட முனைந்த கலைஞர்கள் புகைப்பட வரலாற்றில் பலர். இந்தப் போக்கு எப்படி உருவானது, எந்தெந்த வழிகளில் வளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. என் துணிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறுமை எந்தப் பொருளிலும் குடியிருப்பதில்லை, எந்தத் தனிப் படத்திலும் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஒரு கலைஞர் தமக்குத் தாமே ஒரு விதியை வகுத்துக்கொண்டு அதை விடாமல் பின்பற்றும்போதுதான் அது பார்வையாளருக்குப் புலனாகிறது.

தொடக்கத்தில் வெறுமை கருவியின் குறைபாடாகவே வந்தது. 1838-இல் லூயி தாகெர் பாரிஸின் தெம்பிள் பூல்வாரைத் தம் ஜன்னலிலிருந்து எடுத்த படம் பலருக்கும் தெரிந்தது. பகல் நேரம், நகரத்தின் நெரிசல் மிகுந்த தெரு. ஆனால் தகட்டில் ஒளி பதியச் சில நிமிடங்கள் தேவைப்பட்டதால், நகர்ந்துகொண்டிருந்த வண்டிகளும் மனிதர்களும் பதியவே இல்லை. நடைபாதையோரம் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள நின்ற ஒருவரும், மெருகு போடுபவரின் மங்கலான உருவமும் மட்டுமே தங்கின. 1839-இல் அதைப் பாரிஸில் பார்த்த அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் சாமுவேல் மோர்ஸ், கூட்டம் ஓயாத சாலை ஆளரவமற்றுக் கிடப்பதை வியந்து தம் சகோதரருக்கு எழுதினார். அந்தத் தெரு காலியாக இருக்கவில்லை. படமெடுத்த முறைதான் அதைக் காலியாக்கியது.

இரண்டாவது குறைபாடு வானம். அக்கால வேதிப்பூச்சுகள் நீல ஒளிக்கு மிகையாக எதிர்வினை புரிந்தன. கட்டடத்துக்கு ஏற்றபடி ஒளியை அளந்தால், அச்சில் வானம் மேகம் எதுவுமின்றி வெளிறிப்போகும். இதைச் சகித்துக்கொள்ள அன்று யாரும் தயாராக இல்லை. கடற்காட்சிகளை எடுத்த பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே 1850-களின் பிற்பாதியில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு வேறொரு நெகட்டிவ் என இரண்டை இணைத்து அச்சிட்டார். நம் மண்ணில் இதே சிக்கலைச் சந்தித்தவர் லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்து, பிறகு சென்னை அரசின் புகைப்படக்காரராக அமர்ந்தவர். 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களை மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களில் பதிவுசெய்தார். அவர் எடுத்த படங்கள் சிலவற்றில் மேகங்கள் இருக்கின்றன. அவை வானத்தில் இருந்த மேகங்கள் அல்ல. நெகட்டிவின் மீது நிறமியைத் தூரிகையால் மெல்லப் பூசினால் அந்த இடத்தில் ஒளி குறைவாகப் புகும், அச்சில் அது வெளுத்துத் தெரியும். இந்த நுட்பத்தால் பர்மாவிலும் தென்னாட்டிலும் வானத்தை அவர் கையால் நிரப்பினார்.

அதே ட்ரைப் மதுரைப் புது மண்டபத்தையும் எடுத்திருக்கிறார். தையல் இயந்திரங்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளுமாக அண்மைக்காலம் வரை நாம் கண்ட மண்டபம், அவருடைய படங்களில் தூண்களும் நிழலும் மட்டுமாக நீண்டு கிடக்கிறது. வானத்தின் வெறுமையை மறைக்கப் பாடுபட்டவர் தாழ்வாரத்தின் வெறுமையை அப்படியே விட்டிருக்கிறார். முன்னது பிழையாகவும் பின்னது கட்டடக்கலை ஆவணத்துக்குரிய ஒழுங்காகவும் அவருக்குப் பட்டிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். குடியேற்ற ஆட்சியின் கண் ஒரு நகரத்தை ஆளில்லாத இடமாகப் பார்த்ததில் அரசியலும் உண்டு. அதைத் தனியே ஆராய வேண்டும்.

பாரிஸின் யூஜீன் அத்ஜே (1857–1927) இந்த ஆவண ஒழுங்கை இருபதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தவர். ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்பதற்காக அவர் எடுத்த தெருக்கள், படிக்கட்டுகள், கடை வாயில்கள் பெரும்பாலும் ஆளற்றவை. அவற்றைக் குற்றம் நிகழ்ந்த இடத்தோடு ஒப்பிட்ட பேச்சை 1931-இல் ஜெர்மன் விமர்சகர் வால்டர் பெஞ்சமின் எடுத்தாண்டார். இப்படியொரு விளக்கம் எழுந்தபோது, 'ஆள் இல்லை' என்பதற்கே பொருள் உண்டு என்ற எண்ணம் விமர்சனத்தில் நுழைந்துவிட்டது.

வானத்தை நிரப்ப வேண்டியதில்லை, வானமே போதும் என்று துணிந்தவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ். நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரிக்கரையில் 1922-இல் மேகங்களை எடுக்கத் தொடங்கினார். 1925 முதல் 1930-களின் முற்பாதி வரை எடுத்தவற்றை 'ஈக்விவலன்ட்ஸ்' என்று அழைத்தார். எல்லா நிறங்களுக்கும் ஓரளவு சீராக எதிர்வினை புரியும் பான்குரோமாட்டிக் பூச்சு புழக்கத்துக்கு வந்திருந்ததால், நீலத்தையும் மேகத்தையும் பிரித்துக் காட்ட முடிந்தது. அச்சுகள் உள்ளங்கை அளவே இருக்கும். பலவற்றில் தொடுவானம் இல்லை, மரம் இல்லை, எது மேல் எது கீழ் என்று சொல்ல வழியும் இல்லை. தம் படங்களின் வலிமை எடுக்கப்பட்ட மனிதர்களிடமிருந்து வருகிறது என்ற குற்றச்சாட்டுக்கு மறுமொழியாகவே, எவருக்கும் சொந்தமில்லாத மேகத்தைத் தேர்ந்ததாக அவர் எழுதினார். ஆனால் இவற்றைச் சூன்யத்தின் படங்கள் என்று சொல்ல என்னால் இயலவில்லை. தம் உள்ளத்து உணர்வுக்கு நிகரானவை என்று அவரே பெயரிட்டதால், கழற்றப்பட்ட பொருளின் இடத்தில் ஸ்டீக்லிட்ஸ் வந்து அமர்ந்துகொள்கிறார்.

அந்த 'நான்' விலகுவதற்கு இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. 1951-இல் ராபர்ட் ராஷன்பெர்க்கின் வெள்ளை ஓவியங்கள், 1952-இல் ஜான் கேஜின் ஒலியற்ற '4′33″', 1958-இல் பாரிஸில் இவ் க்ளைன் திறந்து வைத்த காலிக் கலைக்கூடம் என்று பிற கலைகள் வெறுமையை அரங்கேற்றிவிட்டன. புகைப்படத்தில் அதற்கு இணையான வேலையைச் செய்தவர், தம்மைப் புகைப்படக்காரர் என்று சொல்லிக்கொள்ளாத அமெரிக்கக் கலைஞர் எட் ருஷே. 1963-இல் அவர் தாமே வெளியிட்ட 'இருபத்தாறு பெட்ரோல் பங்குகள்' என்னும் சிறு நூல், லாஸ் ஏஞ்சலிஸுக்கும் அவர் வளர்ந்த ஓக்லஹோமா நகருக்கும் இடைப்பட்ட சாலையில் இருந்த பங்குகளின் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கொண்டது. முதற்பதிப்பு 400 பிரதிகள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பங்கின் பெயரும் ஊரும் மட்டும் இருக்கும். சில படங்கள் ஓடும் காரிலிருந்து எடுத்தவைபோலத் தோன்றும். அழகிய ஒளி கிடையாது, கதை கிடையாது, சமூக விமர்சனமும் கிடையாது. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் அதைத் திருப்பி அனுப்பியது. ருஷே 1964-இல் ஆர்ட்ஃபோரம் இதழில், நூலகம் நிராகரித்த நூல் என்றே விளம்பரம் கொடுத்தார்.

அவர் நூல்களில் இந்த ஆய்வுக்கு மிக நெருக்கமானது 1967-இல் வந்த 'லாஸ் ஏஞ்சலிஸில் முப்பத்துநான்கு வாகன நிறுத்தங்கள்'. ஆர்ட் அலானிஸ் என்பவரை அமர்த்தி ஹெலிகாப்டரிலிருந்து எடுக்கச் செய்தார். நிறுத்தங்கள் பெரும்பாலும் காலி. கட்டம் கட்டமாக வெள்ளைக் கோடுகள், ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் கறுத்த எண்ணெய்க் கறை. வாயிலுக்கு அருகில் உள்ள கட்டங்களில் கறை அடர்ந்தும் தொலைவில் மெலிந்தும் இருக்கும். படத்தில் இல்லாத வண்டிகள் வந்துபோன கணக்கைத் தரையே எழுதி வைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த நீச்சல் குளங்களைப் பற்றிய நூலில் பெரும்பாலான பக்கங்களை அச்சிடாமலே விட்டார். படத்துக்குள் இருந்த வெறுமை அங்கே புத்தகத்தின் உடலுக்கே பரவிவிட்டது. ருஷேயின் சாதனை பாடுபொருளில் இல்லை. எண்ணிக்கையையும் தலைப்பையும் முன்பே தீர்மானித்துக்கொண்டு அதற்குப் படமெடுத்தார். விதி முன்னால் வந்தது, காட்சி பின்னால் வந்தது. ரசனையால் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கலைஞர் தாமே துறந்ததால்தான் பெட்ரோல் பங்கு வெறும் பெட்ரோல் பங்காக நிற்க முடிந்தது.

எண்ணத்தையே படைப்பாகக் கொள்ளும் கருத்துருக் கலை இம்முறையை அதன் எல்லைவரை கொண்டுசென்றது. 1969 மார்ச்சில் அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் பேரி மொஹாவே பாலைவனத்தில் ஹீலியம் வாயுவைக் காற்றில் திறந்துவிட்டார். வேறு இடங்களில் வேறு மந்த வாயுக்களை விடுவித்தார். அவற்றின் படங்களில் மணலும் புதரும் வானமும் தெரிகின்றன, நிகழ்ந்தது தெரிவதில்லை. வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, அது எதோடும் எளிதில் வினைபுரிவதுமில்லை. படம் சாட்சி சொல்கிறது, ஆனால் எதற்குச் சாட்சி என்பதைச் சொற்கள்தான் அறிவிக்கின்றன. இரண்டு ஆண்டுகளில் பிரிட்டனின் ஜான் ஹில்லியர்ட் கேமராவைக் கண்ணாடிக்கு எதிரே நிறுத்தி, 7 அப்பெர்ச்சர்களையும் 10 ஷட்டர் வேகங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து 70 படங்கள் எடுத்தார். ஒரு மூலையில் முழு வெள்ளை, எதிர்மூலையில் முழுக் கறுப்பு, நடுவே மட்டும் கேமரா தன்னைக் காண்கிறது. காட்சி என்பது இரண்டு வெறுமைகளுக்கிடையே உள்ள குறுகிய இடம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய வேறொரு படைப்பை நான் அறியேன்.

இத்தாலியின் லூயிஜி கிர்ரி இந்த விதிமுறையை அன்றாட வாழ்வுக்குள் கொண்டுவந்தார். நில அளவையாளராகப் பயிற்சி பெற்றவர், மொடேனாவில் வாழ்ந்தவர். 1974-இல் ஒவ்வொரு நாளும் வானத்தை ஒரு முறை எடுப்பது என்று வைத்துக்கொண்டார். 365 படங்கள். 'இன்ஃபினிட்டோ' என்ற பெயரில் அவற்றை ஒரே பரப்பில் அடுக்கியபோது நீலம், சாம்பல், வெண்மை என்று சிறு படங்களின் பெரிய விரிப்பு கிடைத்தது. ஸ்டீக்லிட்ஸின் மேகம் ஒவ்வொன்றும் தனிக் கவனம் கோரியது. கிர்ரியின் வானங்களில் எந்த ஒன்றும் முக்கியமில்லை. மேகம் அழகாக இருந்த நாளும் மந்தமான நாளும் ஒரே அளவு இடம் பெற்றன. தினசரிப் புகைப்படத்தைக் கலைத்திட்டமாக்க நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய படைப்பு இது என்பேன்.

ஹிரோஷி சுகிமோட்டோ நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தார். 1948-இல் டோக்கியோவில் பிறந்து நியூயார்க்கில் குடியேறியவர். ஒரு முழுத் திரைப்படத்தையும் ஒரே சட்டகத்தில் பிடித்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி 1970-களின் நடுவில் அவருக்குத் தோன்றியது. மலிவான திரையரங்கு ஒன்றுக்குக் கேமராவுடன் சென்று, படம் தொடங்கும்போது ஷட்டரைத் திறந்து, முடியும்போது மூடினார். நொடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில் இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 சட்டகங்கள். அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, திரை மாசற்ற வெண்மையாகிவிட்டது. முகங்கள், சண்டைகள், முத்தங்கள் யாவும் அந்த வெண்மைக்குள் இருக்கின்றன, ஒன்றும் தெரியவில்லை. அந்த ஒளி அரங்கின் மேல்விதானத்து வேலைப்பாடுகளையும் காலி இருக்கைகளின் வரிசைகளையும் துல்லியமாகக் காட்டுகிறது. தாகெரின் தெருவில் மனிதர்கள் மறைந்தது போதிய ஒளி பதியாததால். சுகிமோட்டோவின் திரையில் மனிதர்கள் மறைந்தது ஒளி மிகுந்துவிட்டதால். கருவியின் குறைபாடாகப் பிறந்த ஒன்று, நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்து முழு விழிப்புடன் கையாளப்படும் முறையாகிவிட்டது. 1980-இல் ஜமைக்காவில் தொடங்கிய அவருடைய கடற்காட்சி வரிசையும் இவ்வழியே. தொடுவானம் படத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும். மேலே காற்று, கீழே நீர். படகோ பறவையோ கரையோ உள்ளே வர அனுமதியில்லை.

கடல் எப்படியும் மகத்தானது, அதை வெறுமையாகக் காட்டுவது எளிது என்று ஒருவர் வாதிடலாம். வீட்டுக்குள் அதைச் செய்தவர் புகைப்படக் கலைஞர் ஊட்டா பார்த். 1990-களில் அவர் எடுத்த 'கிரவுண்ட்' வரிசையில் லென்ஸின் ஃபோகஸ் ஓர் ஆள் நிற்கக்கூடிய தொலைவில் வைக்கப்பட்டிருக்கும், அங்கே ஆள் இல்லை. பின்னால் உள்ள சுவரும் புத்தக அலமாரியும் குழம்பித் தெரிகின்றன. கூர்மை எங்கே விழ வேண்டுமோ அங்கே காற்று மட்டும் இருக்கிறது. 1999-இல் வந்த 'நோவேர் நியர்' வரிசைக்குத் தம் வீட்டு ஜன்னலையே மீண்டும் மீண்டும் எடுத்தார். வெளியே செல்லாமல், புதிதாக எதையும் தேடாமல் செய்த வேலை. இந்தியாவில் தயாநிதா சிங் 2005-இல் வெளியிட்ட 'சேர்ஸ்' நூலின் ஆளற்ற நாற்காலிகள் இவ்வரிசையில் சேருமா என்ற கேள்வி எழலாம். சேராது என்பது என் கருத்து. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தவர்களின் நினைவு நிறைந்திருக்கிறது. பிரிவின் வெறுமையும் ஒன்றுமின்மையும் வேறு வேறு.

இன்று அன்றாட வெறுமையைப் படமெடுக்கும் திட்டத்தை மேற்கொள்பவர் கையில் பெரும்பாலும் இருப்பது செல்போன். அதன் மென்பொருள் வெறுமைக்கு எதிராகவே வடிவமைக்கப்பட்டது. முகத்தைத் தேடும், இருட்டைப் பல சட்டகங்களை இணைத்து வெளிச்சமாக்கும், மங்கலான படங்களை அழித்துவிடலாமா என்று கேட்கும். 2023-இல், ஒரு செல்போன் மங்கலாக்கப்பட்ட நிலாப் படத்தைத் திரையிலிருந்து எடுத்தபோது அதில் இல்லாத குழிகளைத் தானே வரைந்து சேர்த்தது பெரிய விவாதமாயிற்று. ட்ரைப்பின் தூரிகை இப்போது நம்மைக் கேட்காமலே வேலை செய்கிறது. ஆகவே தானியங்கி வசதிகளை நிறுத்தி, எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் கையால் பூட்டி, மென்பொருள் மெருகேற்றாத 'ரா' கோப்பாகச் சேமிப்பது இத்திட்டத்துக்கு அழகியல் தேவையாகிறது. அடுத்தது விதி: ஒரே ஜன்னலா, ஒரே மணியா, ஒரே தொலைவா? எது என்றாலும் தொடங்குவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். நன்றாக வந்த படத்தைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் தொகுப்பு அழகிய படங்களின் ஆல்பமாகிவிடும்.

கடைசியாகத் தீர்மானிக்க வேண்டியது, படத்தின் கீழே என்ன எழுதுவது என்பது. பேரியின் பாலைவனம் குறிப்பு இல்லாவிட்டால் சுற்றுலாப் படம். சுகிமோட்டோ கடலின் பெயரையும் இடத்தையும் தருகிறார், ஒன்றுபோல் தெரியும் நீர்ப்பரப்புகள் அதனால் உலகின் வெவ்வேறு இடங்களாகின்றன. கிர்ரி ஓர் ஆண்டுக்கே ஒரே பெயர் கொடுத்தார். அன்றாட வெறுமையை எடுப்பவருக்குத் தேதி மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. உணர்வைச் சொல்லும் தலைப்பு வைத்தால் பார்வையாளர் அதைத்தான் படத்தில் தேடுவார். தேதி மட்டும் இருந்தால், அந்த நாளில் தாம் எங்கே இருந்தோம் என்று அவர் யோசிக்கத் தொடங்குவார். அதற்கான இடம் படத்தில் காலியாக இருக்கிறது.