நரம்பணு பிறந்த கதை

மங்கலம், திருப்பூர்ப் பக்கம் கால்சியத்துக்கு நல்ல பெயர் கிடையாது. சாயப்பட்டறைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் போர் தண்ணியைத் திட்டித் தீர்ப்பார். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சாயத்தோடு சேர்ந்து துணியில் திட்டுத்திட்டாகப் படியும். பாய்லர் குழாயின் உள்சுவரில் வெள்ளையாக அடை கட்டும். அதனால் ரெசின் நிரப்பிய தொட்டியில் தண்ணீரை ஓட்டி, இரண்டையும் பிரித்தெடுத்த பிறகே சாயம் கரைப்பார்கள்.

லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கருக்கு நேர்ந்தது இதற்கு நேரெதிர். தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து, உப்புக் கரைசலில் துடிக்க வைத்து 1882-ல் கட்டுரை எழுதினார். காய்ச்சி வடித்த நீரில் தயாரித்த கரைசல் என்று நம்பியிருந்தார். பார்த்தால், அது குழாய்த் தண்ணீர். மெய்யாகவே வடித்த நீரில் உப்பைக் கரைத்துப் பார்த்தபோது இதயம் சீக்கிரமே ஓய்ந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த துளி கால்சியம்தான் அதை ஓட்டியிருக்கிறது என்று 1883-ல் மறுபடி எழுதினார். உயிருள்ள செல்லுக்குக் கால்சியம் வெறும் சத்து அல்ல, ஏவல் என்ற எண்ணம் பிறந்தது அங்கேதான்.

செல்லுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே சுமார் 10,000 மடங்கு கால்சியம் நிற்கிறது. சவ்வில் இருக்கும் புரதக் கால்வாய் ஒரு கணம் திறந்தால் போதும், ஏரி மதகைத் தூக்கியது போல உள்ளே பாய்ந்துவிடும். 1953-ல் ஆய்வாளர்கள் பால் ஃபாட்டும் பெர்னார்ட் கட்ஸும் நண்டுத் தசையில் சோடியம் இல்லாமலே மின்துடிப்பு எழுவதைக் கண்டார்கள். அதற்குப் பின்னால் கால்சியம் இருப்பது பிறகு தெளிவானது.

இந்தக் கால்சியத்துக்கு நரம்பணுவின் (நரம்புச் செல்லின்) பிறப்பிலும் பங்கு உண்டு. நரம்பணுவுக்கு முந்திய நிலையில் இருக்கும் நரம்பு முன்னோடிச் செல்லின் முன்னால் இரண்டு வழிகள் உண்டு: பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கலாம், அல்லது பிரிவதை நிறுத்தி நரம்பணு ஆகலாம். 2004-ல் ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசராத் குழுவினர் எலி மூளையின் முன்னோடிச் செல்களைக் கிளர்ச்சியூட்டினார்கள். சவ்விலுள்ள ‘எல்’ வகை என்ற கால்வாய் வழியே கால்சியம் நுழைந்தது. நரம்பணு ஆவதைத் தடுக்கும் ஹெஸ்1, ஐடி2 மரபணுக்கள் அடங்கின. அதை முடுக்கும் நியூரோ-டி எழுந்தது. நரம்பணுக்களின் பங்கு கூடியது. நிஃபெடிபின் கொடுத்து அந்தக் கால்வாயை அடைத்தால் பலன் குறைந்தது. நம் வீடுகளில் இரத்த அழுத்தத்துக்கு விழுங்கும் அம்லோடிபினும் இதே குடும்பம்தான். (ஆய்வகத் தட்டில் நடந்த சோதனையைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்!)

எனக்கு இதைவிடச் சுவையாகப் படுவது பெங்களூரு முடிவு. அங்கே தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் கைத்தி ஹசன் பல ஆண்டுகள் பழ ஈக்களை வைத்து வேறொரு கால்சியம் வழியை ஆராய்ந்தார். செல்லின் உள்கிடங்கில் கால்சியம் குறைந்ததும் ஸ்டிம் என்ற புரதம் அதை உணர்ந்து, சவ்வில் உள்ள ஓராய் கால்வாயைத் திறக்கச் செய்யும். ஈயின் நரம்பணுக்களில் இவற்றைக் குறைத்தால் ஈயால் ஒழுங்காகப் பறக்க முடியாது என்று 2009-ல் அவர் ஆய்வகத்தில் காட்டினார்கள். 2018-ல் அதே ஆய்வகம் மனித முன்னோடிச் செல்களில் ஸ்டிம்1-ஐக் குறைத்தது. செல்கள் பெருகுவது குறைந்தது. யாரும் தூண்டாமலே, பருவம் வரும் முன்பே நரம்பணு ஆகத் தொடங்கின. எலிச் செல்களில் ஓராய் வழி பெருக்கத்துக்கு உதவுகிறது என்று சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2014-லேயே கண்டிருந்தார்கள்.

ஆக, கால்சியம் ஒன்றுதான்; ‘எல்’ வழியாக வந்தால் “நரம்பணு ஆகு” என்கிறது, ஓராய் வழியாக வந்தால் “இன்னும் பெருகு” என்கிறது. ‘கால்சியம் மூளைக்கு நல்லது’ என்று விளம்பரத்தில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

திறப்பதைப் போலவே மூடுவதும் முக்கியம். டிமோதி நோய்க்குறி என்ற அரிய பிறவி நோயில் ஒரே ஒரு மரபணு எழுத்து பிசகி, ‘எல்’ வகைக் கால்வாய் மூடத் தாமதிக்கிறது. இதயத் துடிப்பு தாறுமாறாகும், விரல்கள் ஒட்டிப் பிறக்கும், ஆட்டிசமும் சேரும். 2011-ல் ஆய்வாளர்கள் செர்ஜியு பாஸ்காவும் ரிகார்டோ டோல்மெட்சும் இந்நோயுள்ளவர்களின் தோல் செல்லிலிருந்து நரம்பணுக்களை வளர்த்தபோது, எந்த வகை நரம்பணு எத்தனை என்ற கணக்கே மாறியிருந்தது. 2024-ல் பாஸ்கா குழு, பிழையுள்ள துண்டைச் செல் ஒதுக்கிவிடும்படி செய்யும் சிறு மரபு இழை ஒன்றை உருவாக்கி, எலி மூளைக்குள் நட்டு வளர்த்த மனித நரம்பணுக்களில் சோதித்தது. கால்சியம் வரத்து சீரானது; குறுகியிருந்த கிளைகளும் சரியாயின.