ஹையர் பாஸ் அண்ணாச்சியும் ஆல்ட் விசையும்

காட்கோபருக்கு அடுத்த ஸ்டேஷன் விக்ரோளி. 1955இல் இந்தியாவின் முதல் டைப்ரைட்டரைச் செய்த கோத்ரெஜின் பெரிய வளாகம் அங்கேதான். திருநெல்வேலிப் பக்கமிருந்து லோயர், ஹையர் டைப்பிங் சர்ட்டிபிகேட்டோடு ரயிலேறிய எங்கள் அப்பா தலைமுறைக்கு பம்பாயில் சோறு போட்டது டைப்ரைட்டர். ஆங்கில மெஷின்தான். தமிழும் அடிக்கத் தெரிந்த சிலர் பின்னாளில் என் டி.டி.பி. கடை மாதிரி இடங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார்கள்.

தமிழ் டைப்ரைட்டர் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுதும். 'கொக்கு' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். அடுத்து புள்ளி, அதைத் தட்டினால் வண்டி நகராது, அடுத்த க அதன் கீழே வந்து உட்காரும். கடைசியில் 'கு', அதற்குத் தனி விசை. மொத்தம் ஆறு தட்டு. மெஷினின் சௌகரியத்துக்காக வந்த ஒழுங்கு இது. மெஷின் போன பிறகும் விரல் அதை விடவில்லை. புனேயிலிருந்து வந்த ஸ்ரீலிபி மென்பொருளில் டைப்ரைட்டர் வரிசையும் இருந்ததால்தான் எங்கள் கடை ஓடியது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகை அதன் வழியாக வந்தது. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். க, ஒ, க, க, உ: ஐந்தே தட்டு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க வந்தாலும் அப்படியே. புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நியாயமான அமைப்பை நான் பார்க்கவில்லை. கடையிலிருந்த ஹையர் பாஸ் அண்ணாச்சியிடம் காட்டினேன். "தம்பி, என் விரலுக்கு மறுபடி அ, ஆ சொல்லிக் கொடுக்கச் சொல்றியா?" என்றார். அவர் வேகத்துக்கு அது நியாயமான கேள்விதான்.

எங்கள் காட்கோபர் காமராஜ் நகர்ப் பிள்ளைகள் இந்த இரண்டு முறையிலும் சேராதவர்கள். மராத்தியோ இங்கிலீஷோ படித்தவர்கள். ஆங்கில எழுத்தில் ammaa என்று அடித்து 'அம்மா'வை வரவழைப்பார்கள். ள-வுக்கு ஷிப்ட், ழ-வுக்கு இசட் என்று சொன்னால் முழிப்பார்கள்.

இந்த வழக்கைத் தீர்த்தது, என் கணக்கில், சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகத் தந்த என்.எச்.எம். ரைட்டர். ஆல்ட்டோடு 1 தட்டினால் தமிழ்99, 2 தட்டினால் ஆங்கில உச்சரிப்பு முறை. பழைய டைப்ரைட்டரும் அதே வரிசையில் உண்டு. அண்ணாச்சியும் பிள்ளைகளும் ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி உட்கார்ந்தார்கள்.

கோத்ரெஜ் 2009இல் டைப்ரைட்டர் செய்வதை நிறுத்திவிட்டது. இனி புதிதாகப் பழகுபவர் தமிழ்99இல் தொடங்கட்டும். ஒரு வாரம் பொறுத்தால் போதும்.